வலி தெரியாத பிரசவம்: தண்டுவடம் அடிபட்ட ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. ஊரும் வேண்டாம். பண்ருட்டிக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு தெரு என்பது போதும். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு மூன்று இடத்தில் "அப்படி இல்லக்கா" என்று திருத்தினார். திருத்திய பிறகுதான் இது வெளியே வருகிறது.

நான் இயன்முறை மருத்துவர். கடலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்களைப் பார்ப்பது என் வேலை. பிரசவம் என் துறை இல்லை. ஆனால் அந்த மாதங்கள் முழுக்கக் கூடவே இருந்ததால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் அவருடைய காலைத்தான் பார்த்தார்கள். ஆபத்து இருந்ததோ சிறுநீர்ப்பையிலும் ரத்த அழுத்தத்திலும். அதை ஒவ்வொரு தடவையும் முதலில் கண்டுபிடித்தவர் அவரேதான். அவர் சொன்னதைக் கேட்ட இடத்தில் நல்லது நடந்தது. கேட்காத இடத்தில் கிட்டத்தட்ட ஆளையே இழந்திருப்போம்.

பின்னணி

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. இவருக்கு அப்போது 15 வயது. வீட்டு மண்சுவர் சரிந்து முதுகில் விழுந்தது. மார்புப் பகுதி முதுகெலும்பில் ஐந்தாவது எலும்பு நொறுங்கி, அந்த மட்டத்தில் தண்டுவடம் முழுதாக அடிபட்டது. மருத்துவச் சீட்டில் 'டி5' என்று இருக்கும். மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு கிழித்தால், கோட்டுக்கு மேலே எல்லாம் தெரியும். கீழே சூடு, குளிர், குத்தல், தொடுதல் எதுவும் தெரியாது. கைகள் நன்றாக வேலை செய்யும்.

சில மாதம் கழித்து வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தில் பயிற்சி. அந்த மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் தாமே கீழங்கவாதத்துக்கு, அதாவது இரண்டு காலும் செயலிழக்கும் நிலைக்கு, ஆளானவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் தொடங்கிய அந்த இடத்தில்தான் இவர் தன் கையாலேயே டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கவும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து தையல் கற்றார். மோட்டார் மிஷினின் மிதிக்கட்டையை முழங்கையால் அழுத்துகிற மாதிரி மேசை மேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைக்கிறார். 2019இல் கல்யாணம். கணவர் பலா மண்டியில் லோடு ஏற்றுபவர்.

அடிபட்ட பிறகு ஐந்து மாதம் மாதவிலக்கு நின்றிருந்தது. அப்புறம் தானாகவே வந்துவிட்டது. தண்டுவடம் அடிபட்ட பெண்களில் பலருக்கு இப்படித்தான் நடக்கும். சினைப்பை வேலை செய்வதற்குத் தண்டுவடத்தின் தயவு தேவையில்லை. மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து ரத்தத்தில் வரும் ஹார்மோன் போதும். ஆகவே கரு தரிக்கும் வாய்ப்பும் மற்ற பெண்களைப் போலவே இருக்கும். இதை அவருக்கோ அவர் அம்மாவுக்கோ பத்து வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை. குளிக்க வைப்பது பற்றி, புண் பற்றி, மலம் போவது பற்றி எல்லாம் பேசியவர்கள் இதை மட்டும் பேசாமல் விட்டிருக்கிறார்கள். நானும் விட்டவள்தான். அது என் தவறு.

கரு நின்றதும்

2021 நவம்பரில் நாள் தள்ளிப் போனது. சோதனை அட்டையில் இரண்டு கோடு. முதலில் போன தனியார் கிளினிக்கில், நாற்காலியைப் பார்த்ததுமே, "உன்னையே ஒருத்தர் தூக்கணும். இதுல குழந்தையா? கலைச்சிடலாம்" என்று சொல்லப்பட்டது. சொல்லப்பட்டதும் அவரிடம் இல்லை, கணவரிடம்.

இங்கே சட்டத்தைச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 10ஆம் பிரிவு, பிள்ளைப்பேறு பற்றியும் குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் தகவல் பெறும் உரிமையைத் தருகிறது. ஒருவரின் சுய சம்மதம் இல்லாமல் கருத்தடைக்கு ஆளாக்கக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால், 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும், மருத்துவர் கருத்தும் காப்பாளர் சம்மதமும் இருந்தால் விலக்கு உண்டு. வேண்டாம் என்று அந்தப் பெண்ணே முடிவு செய்தால் அதற்கும் வழி இருக்கிறது. முடிவு அவருடையது.

வீட்டில் இரண்டு கட்சி. பெற்ற அம்மா பயந்து போய்க் கலைத்துவிடச் சொன்னார். மாமியார் பிடிவாதமாக வேண்டும் என்றார். "மேலத்தெருவுல காலு சூம்பின பொண்ணு ரெண்டு பெத்துக்கலையா?" என்பது மாமியாரின் வாதம். மேலத்தெருப் பெண்ணுக்குச் சிறுவயதில் போலியோ. போலியோவில் தசைதான் போகும், உணர்வு போகாது. பிரசவ வலி முழுசாகத் தெரியும். அவர்களுக்கு வரும் சிக்கல் இடுப்பெலும்பு கோணலாக இருப்பது, சிலருக்கு மூச்சுத் தசை பலவீனம். தண்டுவடம் அடிபட்டவரின் உடம்பு வேறு கணக்கு. இதை மாமியாருக்கு விளக்க ஒரு மதியம் ஆனது. கேட்டுவிட்டு, "சரி, அப்ப இவளுக்கு என்ன கணக்கு, அதச் சொல்லு" என்றார். அந்த நாளிலிருந்து என் வேலையில் பாதி அவருடையதாகிவிட்டது.

இந்தப் பெண் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தைத்துக்கொண்டிருந்தார். நூலை வாயால் கடித்து அறுத்துவிட்டு, "எனக்கு வேணும்க்கா" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் வந்து பதிவு செய்து, பிக்மி எண் என்கிற அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிக் கொடுத்தார்.

முதல் தவறு பதிவு செய்த அந்த வாரமே நடந்தது. கர்ப்பத்தில் மாத்திரையே ஆகாது என்று யாரோ சொல்ல, கால் இழுப்புக்கு, அதாவது கால் தசை தானாக இறுகி இழுப்பதற்கு, போட்டுவந்த பேக்ளோஃபன் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு காலும் வில் மாதிரி விறைத்து, கட்டிலிலிருந்து கீழே விழப் பார்த்தார். பேக்ளோஃபனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இவருக்கு அப்படிப் பாதியாகக் குறைத்தார்கள். கருவுற நினைக்கும்போதே போடுகிற மாத்திரை ஒவ்வொன்றையும் மருத்துவரிடம் காட்டிவிட்டால் இந்தச் சங்கடம் வராது. ஃபோலிக் அமிலத்தையும் அப்போதே தொடங்கிவிடலாம்.

மண்டித் தராசு

எடை பார்ப்பது சாதாரண விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். கர்ப்பிணிக்கு எத்தனை கிலோ ஏறுகிறது என்று தெரியாமல் எதையும் கணிக்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏறி நிற்கிற தராசுதான். நிற்க முடியாதவரை எப்படி நிறுத்துவது? அட்டையில் எடைக் கட்டத்தில் இரண்டு மாதம் கோடு போட்டு விட்டிருந்தார்கள்.

வழி சொன்னவர் கணவர். பலாப்பழம் நிறுக்கும் மேடைத் தராசு தரையோடு தரையாக இருக்கும். மாதம் ஒரு தடவை, மண்டி ஓய்ந்த மதிய நேரத்தில், நாற்காலியோடு அவரை அதில் ஏற்றுவார். நாற்காலி 17 கிலோ. கழித்தால் அவர் எடை. முதல் மாதம் 44. பலாப்பால் ஒட்டிய அந்த இரும்புத் தகட்டில் அவர் கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். மண்டிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்ப்பார்கள். கடைசியில் 53 வரை வந்தது. எடை ஏறினால் ஆறுதல் என்பது மட்டும் இல்லை. உட்காரும் எலும்பின் மேல் அழுத்தம் கூடுகிறது, கையால் உடம்பைத் தூக்கி மாறுவது கடினமாகிறது என்றும் அர்த்தம். வயிறு முன்னால் தள்ளும்போது சமநிலையும் மாறும். 26ஆம் வாரத்தில் இடது பிட்டத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. அழுத்திவிட்டு எடுத்தால் வெளுக்காத சிவப்பு. அது புண்ணின் தொடக்கம். தையலை நிறுத்தி, அந்தப் பக்கம் பாரமே விழாமல் ஒன்பது நாள் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். மாறியது. அதற்கப்புறம் உடம்பைத் தூக்குவதற்குப் பதிலாக, கால் மணிக்கு ஒரு தடவை மேசையில் முன்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடி வைத்துப் பார்ப்பது மாமியார் பொறுப்பு, தினம் இரண்டு வேளை.

ரத்தச் சோகை இருந்தால் தோல் சீக்கிரம் புண்ணாகும். இவருக்கு ஹீமோகுளோபின் 8.9. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்ததும் மலம் கல்லாக இறுகியது. இந்த மாதிரி உடம்பில் மலச்சிக்கல் வெறும் சிரமத்தோடு நிற்பதில்லை. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றினார்கள்.

சிறுநீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு நாளுக்கு நான்கு தடவை டியூப் போட்டவர், கருப்பை பெரிதாக ஆக ஆறு ஏழு தடவை போட வேண்டியிருந்தது. 22ஆம் வாரத்தில் சிறுநீரகம் வரை தொற்று ஏறி, குளிர் காய்ச்சல் வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். எரிச்சல் தெரியாத உடம்பு. காய்ச்சலுக்கு ஒரு நாள் முன்பே கால் இழுப்பு கூடியிருந்தது. அதுதான் முதல் அறிகுறி என்பதைப் பின்னால்தான் சேர்த்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை.

அந்த நாள்

24ஆம் வாரம். ஏப்ரல் வெயில் தொடங்கும் சமயம். பெயர் சொல்லாத ஒரு மருத்துவமனையின் கர்ப்பிணிகள் பிரிவு. காலை எட்டு மணிக்கு வந்தவருக்கு முறை வரும்போது மணி பன்னிரண்டரை. நாற்காலி நுழைகிற கழிவறை அங்கே இல்லை. டியூப் போட மறைவிடம் கிடைக்காமல் அடக்கி வைத்திருந்தார். அடக்குவது என்பது நமக்குச் சொல்லும் சொல். அவருக்கு நிரம்பியது தெரியாது, மணியைப் பார்த்துத்தான் தெரியும்.

மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து உள்சோதனை செய்தார்கள். ஒரு நிமிஷத்தில் முகம் செம்பருத்தி மாதிரி சிவந்தது. நெற்றியிலும் மேல் உதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. கை மயிர் சிலிர்த்தது. "தலை வெடிக்குது, என்னை உக்கார வைங்க, டியூப் போடணும்" என்று கத்தினார். ரத்த அழுத்தம் 158க்கு 98. நாடி 52. கர்ப்ப கால ரத்த அழுத்தம் என்று முடிவு செய்து, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அவர் கத்துவதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை பார்த்தபோது 176க்கு 104.

வெளியே நின்ற கணவர் குரல் கேட்டு உள்ளே வந்தார். யாரையும் கேட்கவில்லை. தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, புடவைக் கட்டைத் தளர்த்தி, பையிலிருந்த டியூபை அவர் கையில் கொடுத்தார். நடுங்கும் கையால் அவரே போட்டார். 650 மி.லி. வந்தது. பத்து நிமிஷத்தில் அழுத்தம் 104க்கு 66. தலைவலி போய்விட்டது. மேசை விரிப்பு அவர் வியர்வையில் தலை அளவுக்கு ஈரமாக இருந்தது.

இதற்குப் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. தன்னியக்க நரம்பின் கொந்தளிப்பு என்று சொல்லலாம். மார்பு முதுகெலும்பின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வரும். கோட்டுக்குக் கீழே ஏதாவது தொந்தரவு, உதாரணமாக நிரம்பிய சிறுநீர்ப்பை, இறுகிய மலம், கால்விரல் நகம் உள்ளே வளர்வது, உள்சோதனை, கருப்பை இறுக்கம் என்று எது வந்தாலும், கீழேயுள்ள ரத்தக் குழாய்கள் ஒன்றாகச் சுருங்கிக்கொள்கின்றன. அழுத்தம் எகிறுகிறது. மூளை அதைக் கவனித்து, தளர்த்து என்று கட்டளை அனுப்புகிறது. கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது. மூளையால் முடிந்தது இதயத்தை மெதுவாக்குவதும் கோட்டுக்கு மேலே குழாய்களை விரிப்பதும்தான். நாடி குறைவதும் முகம் சிவப்பதும் வியர்ப்பதும் அதனால்தான். 1947இலேயே லுட்விக் குட்மன், விட்டெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிறுநீர்ப்பை நிரம்பும்போது இப்படி நடப்பதை அளந்து எழுதிவிட்டார்கள். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரும், உயிரும் போகும்.

கர்ப்பத்தில் இது இன்னும் வஞ்சகமானது. ஏனென்றால் கர்ப்ப கால ரத்த அழுத்த நோய் போலவே தோன்றும். வித்தியாசம் பார்க்க வழி உண்டு. தொந்தரவை நீக்கினால் டிஸ்ரிஃப்ளெக்சியாவில் அழுத்தம் மளமளவென்று இறங்கும். பிரசவ நேரத்தில் இறுக்கம் வரும்போது ஏறும், விட்டதும் இறங்கும். மற்றது அப்படி ஏறி இறங்காது, சிறுநீரில் பெரும்பாலும் புரதமும் இருக்கும். இரண்டும் ஒரே பெண்ணுக்கு வரலாம் என்பதால் சோதனையை விடக் கூடாது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இவருடைய சாதாரண அழுத்தம் 90க்கு 60. இவருக்கு 130க்கு 80 வந்தால் அது அபாய மணி. தாளில் பார்க்கிறவருக்கு நல்ல பி.பி. என்றுதான் தோன்றும்.

அன்று ராத்திரி நானும் அவரும் உட்கார்ந்து ஒரு அட்டை எழுதினோம். அரை மணி வேலை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது:

"எனக்கு டி5 மட்டத்தில் தண்டுவடக் காயம். என் சாதாரண பி.பி. 90/60. தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை வந்தால் என்னைப் படுக்க வைக்காதீர்கள். நேராக உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். சிறுநீர் டியூப் போடுங்கள், போட்டிருந்தால் அடைத்திருக்கிறதா பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பி.பி. பாருங்கள். இறங்காவிட்டால் மருத்துவர் மருந்து தரட்டும். எனக்கு வலி தெரியாது என்றாலும் தையல் போட மரப்பு ஊசி வேண்டும்."

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பின் போட்டு வைத்தோம். ஒரு நகல் நாற்காலியின் முதுகில்.

பழம் பார்க்கும் கை

பிரசவம் பார்க்கும் இடத்தைப் புதுச்சேரிக்கு மாற்றினோம். மகப்பேறு, மயக்கவியல், சிறுநீரகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிற அரசு மருத்துவமனை. 32ஆம் வாரத்திலேயே மயக்க மருத்துவர் அவரைப் பார்த்தார். அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, "இத நானே எழுதியிருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இந்தப் பெண்ணின் முகம் மாறியது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்த கவலை: வலி எப்போது வந்தது என்று எப்படித் தெரியும்? கருப்பையின் வலி உணர்வு மார்புத் தண்டின் பத்தாவது மட்டத்திலிருந்து இடுப்புத் தண்டின் முதல் மட்டம் வரை நுழைகிறது. காயம் அதற்கு மேலே இருந்தால் வலி மூளைக்குப் போய்ச் சேராது. இப்படிப்பட்ட பெண்களுக்குக் குறைமாதத்தில் வலி கண்டு, தெரியாமலேயே குழந்தை வந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் 28ஆம் வாரத்திலிருந்து கையால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம், விரல்களை விரித்து வயிற்றின் மேல்பகுதியில் வைத்திருக்க வேண்டும். மெத்தென்று இருப்பது நெற்றி மாதிரி இறுகி, கொஞ்ச நேரத்தில் தளர்ந்தால் அது கருப்பை இறுக்கம்.

கணவருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. பலாப்பழத்தைக் கை வைத்தே எது காய், எது நாளைக்குப் பழுக்கும் என்று சொல்கிறவர். மூன்றாம் நாளே, "இப்ப வருது... போயிடிச்சி" என்று சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதும் நான் கை வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

36 வாரம் முடிந்ததும் மருத்துவமனையில் சேர்ந்துவிட வேண்டும் என்பது திட்டம். சேர மூன்று நாள் இருக்கும்போது, ஜூன் மாதம், ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போன். "அக்கா, கால் ரெண்டும் ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா உதறுது. ஒவ்வொரு வாட்டியும் கை மயிரு நிக்குது. அவரு கல்லு மாதிரி இருக்குதுங்கிறாரு." வலி என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் பிரசவ வலியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆம்னி வண்டி முன்பே பேசி வைத்திருந்தோம். ஸ்ட்ரெச்சரில் மல்லாக்க வேண்டாம் என்று, பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து வந்தார். நெல்லிக்குப்பம், கடலூர், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் பாலம். பகலில் மரப்பாலத்தில் நிற்கிற வண்டிகள் ஒன்றும் அப்போது இல்லை. வழியில் இரண்டு தடவை டியூப் போட்டார்.

பிரசவ அறை

போய்ச் சேர்ந்தபோது கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர். இறுக்கம் வரும்போது அழுத்தம் 164க்கு 100, விட்டதும் 100க்கு 60. பணியில் இருந்த ஓர் இளம் செவிலியர் கேட்டார்: "வலியே இல்லையே, எதுக்கு எபிடூரல்?" நல்ல கேள்வி. எபிடூரல் என்பது முதுகில் மெல்லிய குழாய் வைத்து அதன் வழியாக மரப்பு மருந்து கொடுப்பது. இங்கே அதை வலிக்காகப் போடுவதில்லை. கருப்பையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் செய்தியையே தடுத்தால் கொந்தளிப்பு கிளம்பாது. போட்டு இருபது நிமிஷத்தில் இறுக்கத்தின் உச்சியிலும் 118க்கு 70தான் காட்டியது. சிறுநீர் டியூபை எடுக்காமல் அப்படியே வைத்தார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றி, குதிகாலுக்கடியில் ஜெல் தலையணை வைத்தார்கள். மேசையில் ஐந்தாறு மணி நேரம் அசையாமல் கிடந்தால் அதிலேயே புண் வந்துவிடும்.

சிசேரியன்தான் என்று வெளியே காத்திருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். தண்டுவடக் காயம் மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. கருப்பை சுருங்கி விரிவதற்கு மூளையின் கட்டளை வேண்டியதில்லை, அது தானாகவே வேலை செய்யும். முக்கித் தள்ளுவதற்குத்தான் வயிற்றுத் தசை வேண்டும், இவருக்கு அது இல்லை. தலை நன்றாக இறங்கிய பிறகு ஆயுதம் போட்டு எடுத்தார்கள். காலை ஆறு மணி பத்து நிமிஷம். பெண் குழந்தை, 2.35 கிலோ. உடனே அழுதது.

தையலுக்கு மரப்பு ஊசி போட்டுத்தான் தைத்தார்கள். மூளைக்கு வலி தெரியாவிட்டாலும் தண்டுவடத்துக்கு ஊசி குத்துவது தெரியும், அழுத்தம் ஏறும். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த ஆக்ஸிடோசின் கொடுத்தார்கள். அதே வேலைக்கான இன்னொரு மருந்து மெத்தில் எர்கோமெட்ரின், அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். எபிடூரலை உடனே உருவவில்லை. குழந்தை பிறந்த பிறகும் இந்தக் கொந்தளிப்பு வரலாம் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஆறு வாரம் ஹெப்பாரின் ஊசி. பிரசவம், கால் அசைவின்மை என்று இரண்டு காரணமும் இங்கே சேர்கின்றன.

அன்று மதியம் குழந்தையை மார்பில் வைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பால் ஊறுவதைத் தூண்டும் உணர்வு மார்புத் தண்டின் நான்காவது மட்டத்தை ஒட்டி நுழைகிறது. இவருடைய காயம் அதற்கு ஒரு படி கீழே. குழந்தை இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவை கவ்விக்கொண்டது. அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். "தெரியுதுக்கா. இழுக்கிறது தெரியுது." பிரசவம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் அப்போது அழுதார். சீம்பால் தாடையில் வழிந்தது. காயம் இன்னும் மேலே உள்ள பெண்களுக்குப் பால் குறையலாம். குழந்தையைப் பார்ப்பது, முகர்வது, அமைதியாக இருப்பது இவை உதவும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிள்ளை பெற்றவளுக்கு நம் பக்கம் செய்வது மூன்று உண்டு. நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இடுப்பில் அடித்து ஊற்றுவது, வயிற்றுக்கு ஒத்தடம், குடிக்கிற தண்ணீரைக் குறைத்துப் பத்தியம். பெற்ற அம்மா ஆசையாக அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆவி பறந்தது. அந்த முதுகில் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். அம்மாவின் கையைத் தண்ணீரில் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு எடுத்தார். வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை. நொச்சி போட்ட தண்ணீர் ஊற்றினோம், முழங்கையில் ஊற்றிப் பார்த்து, வெதுவெதுப்பாக.

தண்ணீர் குறைப்பதை அனுமதிக்கவே முடியாது. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அன்றே திரும்பிவிடும். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தாராளமாகச் சாப்பிடட்டும், கூடவே நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர்.

காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் வேலை மாமியாருக்கு. தூளிக் கயிற்றைக் கணவர் இரண்டு சாண் இறக்கிக் கட்டினார், நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரத்துக்கு. மடியிலிருந்து குழந்தை வழுக்காமல் இருக்க அவரே காடாத் துணியில் ஓரம் தூக்கிய ஒரு மெத்தை தைத்து, நாற்காலியின் கைப்பிடிகளில் நாடா கட்டிக்கொண்டார். எங்கள் துறையில் நான் பார்த்த எந்தச் சாதனத்தையும் விட அது நன்றாக வேலை செய்கிறது.

"இத்தோட ஆபரேஷன் பண்ணிக்கோ" என்று வார்டிலும் வீட்டிலும் சிலர் சொன்னார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்று அவர் பதில் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் என்பதால் அதை மட்டும் மருத்துவர் வேண்டாம் என்றார்.

அந்த அட்டையை நான் இப்போது நகல் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் இன்னொரு பெண், டி4 காயம், 14 வாரம். இவருடைய நம்பரைக் கொடுத்தேன். பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். மடியில் குழந்தை போன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நலம் விசாரிப்பு முடிந்ததும் முதல் வார்த்தையாக இவர் சொன்னார்: "இன்னிக்கே உன்னோட சாதா பி.பி. எவ்ளோன்னு பார்த்து ஒரு தாள்ல எழுதி வச்சிக்க. மூணு நாள் பாரு, ஒரு நாள் போதாது."